பிடித்த அணிலை என்ன செய்வது?

இங்கிலாந்தில் உங்கள் கூண்டில் ஒரு சாம்பல் அணில் சிக்கிவிட்டால், இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிடுவது குற்றம். காரில் வைத்துப் பக்கத்துக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் குற்றம். அடிபட்ட அணிலைத் தேற்றி மறுபடி வெளியே விடச் சில காப்பகங்கள் உரிமம் வைத்திருந்தன. 2019 டிசம்பரோடு அதுவும் போயிற்று. சட்டம் மிச்சம் வைத்திருக்கும் வழி கொல்வது. ஆனால் வதைத்துக் கொன்றால் இன்னொரு சட்டம் பிடித்துக்கொள்ளும். பர்ட்டன் நகரில் ஒருவர், தோட்டத்தில் பிடித்த சாம்பல் அணிலைக் கூண்டோடு தண்ணீர்ப் பீப்பாயில் முக்கினார். 2006-ம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தது. 2010-ல் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

விடவும் கூடாது, வதைக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒற்றையடிப் பாதையில்தான் பிரிட்டனின் வனக்காவலர்களும் தோப்பு உரிமையாளர்களும் ஆண்டுதோறும் நடக்கிறார்கள். எப்படிக் கொன்றால் வலி குறைவு, எப்படிக் கொன்றால் பலன் உண்டு என்ற இரண்டு கேள்விகளும் அவர்கள் முன்னால் சேர்ந்தே வந்து நிற்கின்றன. இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டவர்கள் எல்லோருமே சறுக்கினார்கள்.

ராமர் தடவிக்கொடுத்த நம் முற்றத்து மூவரி அணிலைக் கொஞ்ச நேரம் மனத்திலிருந்து நகர்த்தி வையுங்கள். இது வேறு பிராணி. முதுகில் கோடு கிடையாது. அரைக் கிலோவுக்கு மேல் எடை, ஓரத்தில் வெள்ளை இழையோடும் புசுபுசு வால். சொந்த ஊர் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. 1876-ல் தாமஸ் பிராக்கிள்ஹர்ஸ்ட் என்ற வங்கியாளர் செஷயரில் உள்ள ஹென்பரி பார்க் என்ற தம் பண்ணையில் சாம்பல் அணில்களைத் திறந்துவிட்டார். பதிவான முதல் விடுவிப்பு அது. பூங்காவுக்கு அழகு என்று நினைத்தார்கள். பிறகு பெட்ஃபர்டு கோமகன் ஹெர்ப்ராண்ட் ரஸ்ஸல் தம்முடைய வோபர்ன் மாளிகைத் தோட்டத்தில் வளர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாக அனுப்பிவைத்தார். அயர்லாந்துக்கு அது 1911-ல் திருமணப் பரிசாகப் போனது: லாங்ஃபர்டு மாவட்டத்தின் காசில் ஃபோர்ப்ஸ் மாளிகைக்கு ஒரு கூடை அணில். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோன சீர் ஒரு தீவின் பாதியைப் பிடித்துக்கொண்ட கதை உலகத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அரசு விழித்துக்கொண்டு இறக்குமதியையும் வளர்ப்பையும் தடை செய்தது 1937-ல். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 2018-ல் வெளியான பாலூட்டிகள் கணக்கெடுப்பு பிரிட்டனில் சாம்பல் அணில் 27 லட்சம் என்று மதிப்பிட்டது. அந்த நாட்டின் பூர்விக இனமான செவ்வணில் மூன்று லட்சத்துக்கும் கீழே. அதிலும் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில். இங்கிலாந்து முழுவதும் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தொடவில்லை.

செவ்வணிலைச் சாம்பல் அணில் கடித்துக் கொல்வதில்லை. முற்றாத ஓக் கொட்டைகளைச் செரிக்கும் வயிறு சாம்பல் அணிலுக்கு உண்டு. செவ்வணிலுக்கு அவ்வளவாக இல்லை. பந்தியில் முந்துவது யார் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. கூடவே அணிலம்மை என்று சொல்லத்தக்க ஒரு வைரஸ். சாம்பல் அணில் அதைச் சுமந்துகொண்டு நோய்க்குறி ஏதுமின்றித் திரியும். செவ்வணிலுக்குத் தொற்றினால் கண்ணைச் சுற்றியும் வாயிலும் பாதங்களிலும் புண் பரவி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சாவு. வைரஸ் புகுந்த காட்டில் செவ்வணில் மறையும் வேகம் பல மடங்கு கூடுகிறது.

இது விலங்கு ஆர்வலர்களின் கவலை. மரம் வளர்ப்பவர்களின் கவலை வேறு; அதைப் பார்க்க மே, ஜூன் மாதங்களில் ஒரு பீச் தோப்புக்குள் போக வேண்டும்.

இருபது வயது பீச் மரம். தொடைப் பருமன் தண்டு, வழவழப்பான வெள்ளிச் சாம்பல் பட்டை. அடியில் தரை முழுக்கப் பட்டைச் சுருள்கள் கிடக்கும். அணில் மேல்பட்டையைப் பல்லால் நெம்பி, நார் நாராக உரித்துக் கீழே போடுகிறது; அதைத் தின்பதில்லை. அதன் குறி உள்ளே இருக்கும் புளோயம், அதாவது இலை சமைத்த சர்க்கரையை வேருக்குக் கொண்டுபோகும் மெல்லிய ஈர அடுக்கு. அதைச் சுரண்டித் தின்னும். உரித்த இடத்தில் கட்டை வெள்ளையாக நனைந்து மின்னும்; இணை இணையாகப் பல் தடம் இருக்கும். சில வாரத்தில் அந்த இடம் பழுப்பேறும். காயம் தண்டைச் சுற்றி முழு வளையமாகிவிட்டால் அதற்கு மேலே உள்ள பகுதி பட்டினியால் சாகும். வளையம் முழுமையாகாவிட்டாலும் காயத்தின் வழியே பூஞ்சை நுழையும். ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு புயல் காற்றில் மரம் சரியாக அந்த இடத்தில் முறியும். பத்து முதல் நாற்பது வயது வரையுள்ள மரங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பீச், சைக்கமோர், ஓக், இனிப்புச் செஸ்ட்நட் ஆகியவை முதல் பலி. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இதனால் ஆண்டுக்கு 3.7 கோடி பவுண்டு இழப்பு என்று 2021-ல் ராயல் வனவியல் சங்கம் கணக்குக் காட்டியது. பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: உரிமையாளர்கள் இந்த மரங்களை நடுவதையே நிறுத்துகிறார்கள்.

எதற்காக உரிக்கிறது? பட்டினியால் என்று சொல்ல முடியாது. தீவனம் வைத்த இடங்களிலும் உரிக்கிறது. குட்டிகள் நிறைய பிறந்து இளசுகள் முட்டி மோதும் ஆண்டுகளில் உரிப்பு கூடுகிறது என்பது ஒரு கவனிப்பு. பாலூட்டும் தாய்க்கும் வளரும் குட்டிக்கும் கால்சியம் போதாமல் பட்டையை நாடுகின்றன என்பது இன்னொரு கருதுகோள். காரணம் எதுவாயினும் வனத்துறையினர் ஒரு விதியைக் கற்றுக்கொண்டார்கள். முந்தைய இலையுதிர்காலத்தில் ஓக்கும் பீச்சும் அமோகமாகக் காய்த்திருந்தால், குளிர்காலத்தில் அணில் சாகாது. அடுத்த கோடையில் பட்டை தப்பாது. ஹெக்டேருக்கு ஐந்து அணிலைத் தாண்டினால் எச்சரிக்கை மணி.

சரி, குறைத்துவிடலாம் என்று இறங்கினால் என்ன ஆகும்? அரசு அதையும் செய்து பார்த்தது. 1953-ல் ஒரு திட்டம்: சாம்பல் அணிலின் வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் வாலுக்கு ஒரு ஷில்லிங். 1956-ல் அதை இரண்டு ஷில்லிங்காக உயர்த்தினார்கள். வால்கள் குவிந்தன. காட்டில் அணில் குறையவில்லை. 1958-ல் திட்டத்தை மூடினார்கள்.

ஏன் தோற்றது என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் சாரம் இருக்கிறது. வாலுக்குக் காசு என்றால் ஆள் எங்கே சுலபமாகச் சுட முடியுமோ அங்கே சுடுவான், எப்போது வசதியோ அப்போது சுடுவான். இலை உதிர்ந்த பிறகு அணில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் சுட்டார்கள். அந்தப் பருவத்தில் சுட்ட அணில்களில் பல எப்படியும் வசந்தத்தைப் பார்த்திருக்கப் போவதில்லை. மிஞ்சியவற்றுக்குத் தீனி தாராளமாகக் கிடைத்தது. காலியான காட்டுக்குள் சுற்றுப்புறத்திலிருந்து புது அணில்கள் வந்தன. ஆற்று மணலில் தோண்டிய ஊற்று போல, இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. முழுக்கப் பிடித்து ஒழித்த ஒரு தோப்பு மறுபடி நிறைய ஒன்றிரண்டு மாதம் போதும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று. ஈற்றுக்குச் சராசரி மூன்று குட்டி. இந்தக் கணக்குக்கு முன்னால் ஷில்லிங் எந்த மூலைக்கு? கடைசி அணிலையும் ஒழித்துவிட்டால் வருமானம் நின்றுவிடும் என்பதை வால் விற்றவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவுமில்லை.

அந்த ஐந்து ஆண்டில் செத்த அணில்கள் எதற்காகச் செத்தன? ஒரு மரம் பிழைத்ததாகவோ ஒரு செவ்வணில் திரும்பியதாகவோ காட்ட முடியவில்லை. அவை ஒவ்வொன்றும் துளி வலியுமின்றிச் செத்திருந்தாலும் அந்தத் திட்டத்தைக் கருணையானது என்று நான் சொல்ல மாட்டேன். கருணையைப் பொறியின் வேகத்தை வைத்து மட்டும் அளப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2015-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய வனவிலங்கு அறிஞர்கள், விலங்குகளைக் கட்டுப்படுத்த ஏழு நெறிகளை வகுத்தார்கள். 2017-ல் அவை ஆய்விதழில் வெளியாயின. முதல் நெறி, மனிதன் தன் நடத்தையை மாற்றிக்கொண்டு சிக்கலைத் தீர்க்க முடியுமா என்று பார்ப்பது. தெளிவான, எட்டக்கூடிய இலக்கு வேண்டும் என்பதும் அதில் உண்டு. ‘அந்நிய இனம்’, ‘தொல்லைப் பிராணி’ என்ற முத்திரையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதும் உண்டு. வால் திட்டம் இந்த மூன்றிலுமே தோற்றது.

அப்படியானால் இலக்கைச் சரியாக வைத்தால்? பட்டையைக் காப்பது இலக்கு என்றால் ஆண்டு முழுவதும் கொன்றுகொண்டிருக்கத் தேவையில்லை. உரிப்பு நடக்கும் காலத்திலும் அதற்குச் சற்று முன்பும், அதாவது ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஆபத்திலுள்ள தோப்பிலும் அதை ஒட்டிய காட்டிலும் அணிலைக் குறைத்தால் போதும். வனத்துறையின் அறிவுரை பல ஆண்டுகளாக இதுதான். குறைந்த எண்ணிக்கையில் கொன்று அதிக மரத்தைக் காக்கலாம்.

இங்கேதான் மனத்தை உறுத்தும் ஒரு முள் இருக்கிறது. முதல் ஈற்றுக் குட்டிகள் பிறப்பது பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள். இரண்டாம் ஈற்று கோடையில். குட்டி பால்குடி மறக்கப் பத்து வாரம் ஆகும். ஆக, மரத்துக்கு மிகவும் பயன்படும் மாதங்களில் கூண்டில் விழும் பெட்டைகளில் பல, எங்கோ ஒரு கிளைக்கவட்டில் சுள்ளிக் கூட்டில் குட்டிகளை விட்டுவிட்டு வந்தவை. தாயைக் கொன்றால் அவை பசியிலும் குளிரிலும் சாகும். எந்தக் கணக்கிலும் ஏறாது. பலன் அதிகமுள்ள பருவமும் கருணை குறைந்த பருவமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இதற்கு நேர்த்தியான விடை கிடையாது. இளவேனில் தொடங்குமுன் ஒரு சுற்றுக் குறைத்துவைத்துக்கொண்டால் பிறகு கொல்ல வேண்டிய தாய்களின் எண்ணிக்கை குறையும் என்பதுதான் செய்யக்கூடியது.

வலியை எப்படி அளப்பது? ஆஸ்திரேலியாவின் ட்ரூடி ஷார்ப், கிளென் சாண்டர்ஸ் இருவரும் 2008-ல் ஒரு அளவுகோல் தந்தார்கள். அதில் இரண்டு பகுதி. முதலாவது, சாவதற்கு முன் அந்த முறை விலங்குக்குத் தரும் துன்பம்: பசி, தாகம், குளிர், காயம், அச்சம், அவற்றின் கடுமை, எவ்வளவு நேரம். இரண்டாவது, கொல்லும் செயலில் நினைவு தப்பும்வரை எவ்வளவு வலி, எத்தனை நேரம். இந்த இரண்டு கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு பார்த்தால், வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியும் முறைகள் விலகி நிற்கின்றன.

நஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-ல் வந்த ஓர் ஆணை, கோதுமையில் வார்ஃபரின் கலந்து தனிப்பெட்டிகளில் வைக்க அனுமதித்தது. செவ்வணில் இருக்கும் பகுதிகளில் கூடாது. இதய நோயாளிகள் இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் அதே மருந்துதான். முதல் பகுதியில் இதற்கு மதிப்பெண் பிரமாதம்: அணில் தன் காட்டிலேயே, தன் போக்கில், வயிறாரத் தின்கிறது. இரண்டாம் பகுதியில் தலைகுப்புற விழுகிறது: உள்ளுக்குள் இரத்தம் கசிந்து, மூட்டுகளிலும் வயிற்றிலும் தேங்கி, நாள்கணக்கில் சாவு. செத்ததைத் தின்னும் பறவைக்கும் நரிக்கும் நஞ்சு போகும். அனுமதி காலாவதியாகி 2015-க்குப் பிறகு இந்த முறை வழக்கொழிந்தது. அது மலிவு, ஆள்செலவு குறைவு என்று இன்னும் ஏங்குகிற தோப்புக்காரர்கள் உண்டு. எனக்கு அந்த ஏக்கம் இல்லை.

துப்பாக்கிக்கு இதன் நேர்மாறான கணக்கு. குண்டு மண்டையில் பட்டால் இரண்டு பகுதியிலும் துன்பம் பூஜ்யம். அணிலுக்கு நடந்ததே தெரியாது. தவறினால் உடைந்த தாடையோடு கூட்டுக்குள் போய் நாள்கணக்கில் சாகும். ஆகவே முறையின் தரம் ஆளின் கையில் இருக்கிறது. குளிர்காலத்தில் நீளக் கம்பால் கூட்டைக் குத்திக் கலைத்து, ஓடும் அணிலைச் சுடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. குழுவாகப் போனால் நிறைய விழும், காயத்தோடு தப்புவதும் நிறைய. தீனிப்பெட்டியருகே உட்கார்ந்து, தின்பதற்கு நின்ற அணிலைக் கிட்டத்திலிருந்து ஏர் ரைஃபிளால் சுடுவது மெதுவான வேலை. ஆனால் குறி தப்புவது குறைவு.

கூண்டுப்பொறிதான் பிரிட்டனில் பரவலான முறை. கம்பிவலைக் கூண்டு ஒன்றை மரத்தடியில் சமதளமாக வைத்து, மேலே சுள்ளியும் சருகும் போட்டு மூடுவார்கள். மூடுவது ஒளித்துவைக்க மட்டுமல்ல. உள்ளே சிக்கியதற்கு மழையும் வெயிலும் படாமலிருக்க, சுற்றிலும் வெட்டவெளி தெரிந்து மிரளாமலிருக்க. இரை, முழு மக்காச்சோளம். முதல் சில நாள் கதவை விழாதபடி கட்டிவைத்து அணில்களைப் பழக்குவார்கள். அவை பயமின்றி உள்ளே போய் வரத் தொடங்கியதும் கட்டை அவிழ்ப்பார்கள். இந்தப் பொறுமை பலனுக்காகச் செய்வது என்றாலும் இதில் கருணையும் அடக்கம்: பழகிய அணில்கள் சில நாளுக்குள் விழுந்துவிடும், கூண்டு காட்டில் கிடக்கும் நாள் குறையும்.

சிக்கியபின் என்ன? அணில் கம்பியைக் கடிக்கும், மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும், சுற்றிச் சுற்றி ஓடும். நேரம் ஆக ஆக இது கூடும். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கூண்டைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு தடவை பார்ப்பது நல்ல வழக்கம். அணில் பகலில் நடமாடும் பிராணி என்பதால் மதியமும் அந்தி சாயுமுன்னும் பார்த்துவிட்டால் இரவு முழுக்கக் கூண்டில் கிடக்கும் அவலம் இருக்காது. பிறகு கூண்டின் வாயில் ஒரு சாக்கை மாட்டிக் கதவைத் திறப்பார்கள். அணில் இருட்டைத் தேடிச் சாக்கின் மூலைக்கு ஓடும். அங்கேயே துணியோடு அசையாமல் பிடித்து, பின்மண்டையில் கனமான கழியால் ஒரே அடி. அல்லது சீப்பு போன்ற கம்பிச் சட்டத்தைக் கூண்டுக்குள் செருகி அணிலை ஓரமாக ஒதுக்கி, ஏர் பிஸ்டலால் தலையில் சுடுவார்கள். கேட்கும்போது வயிற்றைப் பிசையும். ஆனால் ஷார்ப்–சாண்டர்ஸ் அளவுகோலின் இரண்டாம் பகுதியில், தேர்ந்த கை செய்யும் இந்த அடியைவிட மேலானது அதிகமில்லை. பார்க்கச் சகிக்காததும் பட்டால் வலிப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. தண்ணீரில் முக்குவது பார்ப்பவருக்கு இரத்தமில்லாத சுத்தமான வேலை. அணிலுக்கு அது மூச்சுத் திணறித் துடிக்கும் சாவு.

கூண்டின் தலையாய சிறப்பு, தப்பாகச் சிக்கியதை விட்டுவிட முடிகிறது என்பது. செவ்வணில் வாழும் காட்டில் வேறு எந்தப் பொறிக்கும் இடமில்லாததற்கு அதுவே காரணம். அங்கேயும் ஒரு கவனம் வேண்டும்: சாம்பல் அணில் கிடந்த கூண்டைக் கிருமிநாசினியால் கழுவாமல் மறுபடி வைத்தால், அடுத்து வரும் செவ்வணிலுக்கு அம்மையை நாமே பரிமாறுகிறோம்.

அடிக்கும் பொறிகளுக்கு 1954-ம் ஆண்டுச் சட்டப்படி அரசின் ஒப்புதல் வேண்டும். காலைக் கவ்வும் பற்பொறி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1958-ல் ஒழிந்தது. இன்றைய விற்பொறிகள் கழுத்தையோ மார்பையோ நசுக்குபவை. வேறு பிராணி நுழையாதபடி சுரங்க வடிவப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நியூசிலாந்தின் குட்நேச்சர் நிறுவனம் உருவாக்கிய ஏ18 என்ற பொறியை மரத்தில் பொருத்துகிறார்கள். அணில் இரையை எட்டித் தலையை நுழைத்ததும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் விசையில் ஓர் உலக்கை மண்டையில் இறங்கும். உடல் கீழே விழும். பொறி தானே அடுத்ததற்குத் தயாராகும். அடைபட்டுக் காத்திருக்கும் நேரம் என்பதே இல்லை. ஆனால் அது நுழைந்தது யார் என்று கேட்காது. செவ்வணில் இல்லாத காட்டில் அருமை, இருக்கும் காட்டில் ஆபத்து.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வேல்ஸின் வடமேற்கில் உள்ள ஆங்கில்சி தீவு சான்று. சுமார் 700 சதுர கிலோமீட்டர். 1998-ல் தீவில் எஞ்சியிருந்த செவ்வணில் நாற்பது. அந்த ஆண்டு கிரெய்க் ஷட்டில்வொர்த் என்ற சூழலியலாளர் முன்னின்று கூண்டுப்பொறி வேலையைத் தொடங்கினார். தோப்பு தோப்பாக, அனுமதி தந்த உரிமையாளர்களின் நிலமெங்கும், ஆண்டு தவறாமல். சாம்பல் அணில் குறையக் குறையச் செவ்வணில் தானாகப் பெருகியது. சில காடுகளில் கொண்டுவந்தும் விட்டார்கள். பதினைந்து ஆண்டில் சாம்பல் அணில் தீவை விட்டு ஒழிந்தது. செவ்வணில் எழுநூறைத் தொட்டது. கடைசி அணில் வரை போனதால் கொலைக்கு ஒரு முடிவு வந்தது. இதுதான் வால் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. மெனாய் நீரிணையின் இரண்டு பாலங்கள் வழியே மறுபடி வரக்கூடும் என்பதால் எதிர்க்கரையில் காவல் தொடர்கிறது.

இத்தாலியில் நடந்தது தலைகீழ். 1948-ல் தூரின் நகரருகே ஸ்டுபினிஜியில் இரண்டு ஜோடி அணிலை விட்டார்கள். 1997-ல் வனவிலங்கு நிறுவனம் ரக்கோனிஜி பூங்காவில் ஒரு சோதனை ஒழிப்பைத் தொடங்கியது. கூண்டில் பிடித்து, ஹாலோத்தேன் மயக்கமருந்து கொடுத்து, மயக்கத்திலேயே கொன்றார்கள். இதைவிட மென்மையான முறையை யோசிப்பது கடினம். விலங்குரிமை அமைப்புகள் வழக்குப் போட்டன; வேலை நின்றது; அதிகாரிகள் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். 2000-ல் மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. அந்த இடைவெளியில் அணில்கள் பரவிவிட்டன; முழு ஒழிப்பு இனி ஆகாத காரியம் என்று ஆய்வாளர்கள் கைவிரித்தார்கள். வழக்குப் போட்டவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சில ஆயிரம் அணிலோடு முடிந்திருக்கக்கூடியது, இன்று முடிவே இல்லாத கொலையாக நீள்கிறது. அதே இத்தாலியில் ஜெனோவா நகரின் நெர்வி பூங்காவில் அணில்களைப் பிடித்து அறுவைச் சிகிச்சையால் மலடாக்கி வேறு நகரப் பூங்காக்களில் விட்டார்கள். சில நூறு அணில், சுற்றிலும் நகரம் என்றால் அது நடக்கும். 27 லட்சத்துக்கு எத்தனை மருத்துவர் வேண்டும் என்று யாரும் கணக்குப் போட முன்வரவில்லை.

மருந்தாகத் தரலாமே? அந்த ஆராய்ச்சியும் நடக்கிறது. 2014-ல் உருவான பிரிட்டன் அணில் உடன்பாடு அமைப்பின் ஆதரவில் அரசு ஆய்வகம் ஒன்று, வாய்வழிக் கருத்தடைத் தடுப்பூசியைத் தயாரிக்க முயல்கிறது. ஹேசல் கொட்டை விழுதில் கலந்து வைப்பது திட்டம். செவ்வணில் அதைத் தின்றுவிடக் கூடாது. அதற்காக எடையறியும் கதவுள்ள தீனிப்பெட்டி: முந்நூறு கிராம் செவ்வணில் தள்ளினால் திறக்காது, ஐந்நூறு கிராமுக்கு மேல் உள்ள சாம்பல் அணில் தள்ளினால் திறக்கும். எத்தனை அணில் விழுதைத் தின்றது என்று அறிய ரோடமின்-பி சாயத்தைக் கலந்து வைத்தார்கள். தின்ற அணிலின் முடியில் அது சேர்ந்து, குறிப்பிட்ட ஒளியில் ஒளிரும். நுட்பமான வேலை. ஆனால் மலடான அணில் உடனே சாகாது. தன் ஆயுள் முடியும்வரை இருக்கும், இந்தக் கோடையில் பட்டையையும் உரிக்கும், வைரஸையும் சுமக்கும். முதலில் வேறு வழியில் குறைத்துவிட்டு, பிறகு ஏறவிடாமல் பிடித்துவைக்க இது பயன்படும். ‘கொல்லவே வேண்டாம், மருந்து வரும்வரை காத்திருப்போம்’ என்பவர்கள் ரக்கோனிஜியை ஒருமுறை நினைத்துப்பார்க்க வேண்டும்.

மிச்சமிருப்பது, மனிதன் கை படாத ஒரு முறை. பைன் மார்ட்டன் என்பது பூனையளவு உள்ள, மரமேறும் ஊனுண்ணி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலகிரி மார்ட்டன் அதே பேரினம்தான். வேட்டைப் பறவைப் பண்ணைகளின் காவலர்கள் சுட்டுத் தள்ளியதில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய ஒழிந்துபோனது. அயர்லாந்தில் அது மீண்டு பரவிய இடங்களில் சாம்பல் அணில் காணாமல் போவதைக் கிராமத்தார் முதலில் சொன்னார்கள். எம்மா ஷீஹியும் காலின் லாட்டனும் ஆராய்ந்து 2014-ல் அதை உறுதிப்படுத்தினார்கள். 2018-ல் ஸ்காட்லாந்திலும் அதே முடிவு. மார்ட்டன் அதிகமுள்ள காட்டில் சாம்பல் அணில் குறைகிறது, செவ்வணில் கூடுகிறது. ஐரோப்பாவில் மார்ட்டனோடு காலங்காலமாக வாழ்ந்த செவ்வணில் அதன் வாசனை பட்டதும் உஷாராகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த அணிலுக்கு அந்த வாசனை ஒரு பொருட்டாகவே படுவதில்லை. 2015 முதல் 2017 வரை ஸ்காட்லாந்திலிருந்து 51 மார்ட்டன்களை வேல்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு இங்கிலாந்தின் டீன் காட்டுக்கு 35.

மார்ட்டனின் பல்லில் சாவது கழியடியைவிட வலி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அதை எந்த நீதிமன்றமும் விசாரிப்பதில்லை. எந்த ஆர்வலரும் எதிர்த்து மறியல் செய்வதில்லை. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. மார்ட்டன் ஆண்டு முழுக்க வேலை செய்கிறது, கூண்டு பார்க்க மறப்பதில்லை, அணில் குறைந்தால் வேறு இரைக்குப் போய்விடுகிறது. நகரங்களை ஒட்டிய தோப்புகளுக்கு மட்டும் அது வராது. சாம்பல் அணில் செழிப்பது அங்கேதான் என்பது பெரிய குறை.

ஆகவே, காடு பெரிதாகவும் மார்ட்டன் வாழக்கூடியதாகவும் இருந்தால் முதல் செலவு அதற்கு. செவ்வணில் எஞ்சியுள்ள இடத்தில் கூண்டுப்பொறி மட்டும். தேர்ந்த கை, தினம் இரண்டு பார்வை, கழுவிய கூண்டு. செவ்வணில் இல்லாத தோப்பில் தலையில் அடிக்கும் பொறியும் தீனிப்பெட்டியருகே ஏர் ரைஃபிளும் சேரலாம். நஞ்சும் வாலுக்குக் காசும் எங்குமே வேண்டாம். இவை எல்லாம் அண்டைத் தோப்புக்காரர்களும் ஒரே நேரத்தில் இறங்கினால்தான் செல்லும். அவர்கள் சேர மறுத்தால், அந்த ஆண்டு கூண்டே வைக்காமலிருப்பது மேல். பீச்சையும் சைக்கமோரையும் விட்டுவிட்டு, அணில் அதிகம் சீண்டாத காட்டுச் செர்ரியை நடலாம்.